காயிலுக்கு எதற்கு இடமாற்றம்?

அமெரிக்காவில் பழைய காரை வாங்கி, அதற்குள் புது இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவது ஒரு தனிக் கலை. 1969-ஆம் வருடத்துக் கமாரோவுக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 இன்ஜினை இறக்குவது அந்தக் கலையில் மிகவும் பிரபலமான அயிட்டம். விபத்தில் நசுங்கிய காரிலிருந்தோ, ஓடி ஓய்ந்த பிக்கப் லாரியிலிருந்தோ இன்ஜினைக் கழற்றிக் கொண்டு வந்துவிடலாம். அளவில் சிறியது, சக்தியில் பெரியது, உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. எல்லாம் சரிதான். பானெட்டைத் திறந்து காட்டும்போதுதான் முகம் சுருங்கும்! பளபளக்கும் வால்வு கவரின் மேல், பக்கத்துக்கு நான்காக எட்டுக் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கனெக்டர், ஒவ்வொன்றிலிருந்தும் கீழே தொங்கும் ஒரு குட்டை வயர். கல்யாண மண்டபத்து மேடையில் ஜெனரேட்டரைக் கொண்டு வந்து வைத்தது போல!

அந்த எட்டும் இக்னிஷன் காயில்கள். அவற்றைக் கழற்றி, இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டிலோ, டாஷ்போர்டுக்குப் பின்னாலோ, மட்கார்டின் உள்பக்கத்திலோ கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதுதான் 'காயில் ரீலொகேஷன்' எனப்படுவது. இதற்கென்றே பிராக்கெட்டுகள், நீள வயர்கள், நீட்டிப்பு ஹார்னஸ்கள் எல்லாம் செட்டாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. காயிலை நகர்த்த நியாயமான காரணம் ஒன்று உண்டு, அது சூடு. அழகு என்பது நியாயமான காரணமே அல்ல. துரதிர்ஷ்டவசமாக, அழகுக்காக நகர்த்துபவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

எதற்காக இப்படி அடித்துச் சொல்ல வேண்டும்? அதற்குக் காயில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி தாவுவதற்கு வேண்டியதோ பல ஆயிரம் வோல்ட். இந்த மாயத்தைச் செய்வது காயில். தண்ணீர் வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால், குழாய் 'டங்'கென்று அதிரும் அல்லவா? அதே கதைதான். காயிலின் முதல் சுற்றில் மின்னோட்டத்தை ஓடவிட்டு, அது நிரம்பிய நொடியில் பட்டென்று துண்டித்தால், ஓடிக்கொண்டிருந்த சக்தி போக வழியில்லாமல் இரண்டாவது சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டாகச் சீறிக்கொண்டு எழும். இந்த ஏற்பாட்டைக் காருக்குக் கொண்டு வந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1910-ஆம் வருட மாடல் காடிலாக்கில் அது வந்தது. அன்றிலிருந்து எண்பது வருடங்களுக்கு மேல் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை ஒரே காயில், ஒரே டிஸ்ட்ரிபியூட்டர் என்றுதான் ஓடின. சுழலும் ரோட்டார் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காயில் 'நிரம்ப' நேரம் வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும்போது ஒரு சிலிண்டருக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பொறி வேண்டும். எட்டு சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால், அது 2.5 மில்லிசெகண்டுக்கு ஒரு பொறி கொடுத்தாக வேண்டும். அதற்குள் நிரம்பி, வெடித்து, மறுபடி நிரம்ப வேண்டும். பாவம், மூச்சு விடக்கூட நேரமில்லை! வேகம் கூடக் கூடப் பொறியின் பலம் குறையும். சிலிண்டருக்கு ஒரு காயில் என்று கொடுத்துவிட்டால், அந்த 20 மில்லிசெகண்டும் அந்தக் காயிலுக்கே சொந்தம். நிதானமாக நிரம்பி, முழுப் பலத்தோடு அடிக்கும்.

1997-இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இன்ஜினில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது இதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு எட்டுக் காயில்கள். அதற்கு முந்தைய எல்டி1 இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் 'ஆப்டிஸ்பார்க்' என்ற பெயரில், வாட்டர் பம்ப்புக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தது. பம்ப் ஒழுகினால் நேராக அதன் தலையில்தான் தண்ணீர்! (அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த பொறியாளரை மெக்கானிக்குகள் இன்னும் வாழ்த்திக்கொண்டுதான் இருப்பார்கள்.) அந்தத் தலைவலியோடு ஒப்பிட்டால் எல்எஸ்1-இன் ஏற்பாடு சொர்க்கம்.

சரி, காயிலை ஏன் வால்வு கவரின் மேல் வைத்தார்கள்? ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டி இன்ஜின் போல நேராகப் பிளக்கின் தலையிலேயே சொருகியிருக்கலாமே என்ற கேள்வி எழலாம். ஃபோர்டு இன்ஜினில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேம்ஷாஃப்ட் தலைமேல் ஓடுகின்றன. பிளக் அவற்றின் நடுவில் கிணற்றுக்குள் வாளி இறக்கியது போல நேராக நிற்கிறது. எல்எஸ் அப்படியல்ல. கேம்ஷாஃப்ட் நடுவயிற்றில் இருக்க, புஷ்ராடு மூலம் வால்வு இயங்கும் பழைய பாணி. பிளக் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் குழாய்களின் நடுவில் சாய்ந்து நிற்கிறது. அந்த இடத்தில் காயிலைச் சொருகினால் வெந்தே போகும். ஆகவே சூட்டிலிருந்து கொஞ்சம் மேலே, ஆனால் பிளக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தார்கள். அதனால் கார்களில் வந்த பிளக் வயரின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். அவ்வளவுதான். அந்தக் கறுப்புப் பெட்டிகள் அங்கே உட்கார்ந்திருப்பது அலங்காரம் தெரியாததால் அல்ல. உயர் அழுத்த வயரின் நீளத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தால். 2014 மாடல் கார்வெட்டில் புதிதாக வடிவமைத்த எல்டி1 இன்ஜினிலும் ஜெனரல் மோட்டார்ஸ் இதே இடத்தைத்தான் கொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது காயில்களை ஃபயர்வாலுக்குக் கொண்டு போவதாக வைத்துக்கொள்வோருக்கு என்ன நடக்கும்? எல்எஸ் இன்ஜினில் அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு நடுவே 4.4 அங்குலம். ஆக முதல் பிளக்குக்கும் அதே பக்கத்தின் கடைசிப் பிளக்குக்கும் 13.2 அங்குலம். பின்னால் இருக்கும் 7-ஆம், 8-ஆம் சிலிண்டர்கள் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் 1-ஆம், 2-ஆம் சிலிண்டர்களுக்கு அதைவிட ஓர் அடிக்கு மேல் கூடுதலாக வயர் ஓட வேண்டும். ஒரு சாண் வயர் இரண்டு, இரண்டரை அடியாகிவிடும்.

'இதனால் என்ன பெரிய நஷ்டம்? அந்தக் காலத்து வி8 எல்லாம் முழ நீள வயரில்தானே எண்பது வருடம் ஓடின' என்பது ரீலொகேஷன் ஆதரவாளர்களின் முதல் வாதம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது, பாதி உண்மை இருக்கிறது. நீள வயரால் மட்டும் ஒரு இன்ஜின் படுத்துவிடாது. ஆனால் நஷ்டமே இல்லை என்பதும் பொய். எந்த வயரும் பக்கத்தில் உள்ள உலோகத்தோடு சேர்ந்து ஒரு சின்ன மின்தேக்கியாக மாறிவிடும். பொறி தாவுவதற்கு முன் காயில் அந்த மின்தேக்கியை நிரப்பியாக வேண்டும். கூடுதல் வயர் 20 பிகோஃபாரட் சேர்க்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 30,000 வோல்ட்டில் அது விழுங்கும் சக்தி 9 மில்லிஜூல். ஒரு சாதாரணக் காயில் ஒரு பொறிக்குக் கொடுப்பதே சில பத்து மில்லிஜூல்கள்தான். அந்த 9-ம் முழுவதும் வீணாகாது, பொறி தாவும் கணத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் காயில் எட்டக்கூடிய உச்ச வோல்ட்டேஜ் குறையும், அது ஏறும் வேகமும் குறையும். பிரச்சினை அங்கேதான்.

பழைய இன்ஜின்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 1955-இல் வந்த செவ்ரோலே வி8-க்கு இருந்த சிலிண்டர் அழுத்தம் வேறு. இன்று அதே கமாரோவுக்குள் டர்போ வைத்து ஓட்டுபவரின் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வேறு. அழுத்தம் கூடினால் பொறி தாவ வேண்டிய வோல்ட்டேஜும் கூடும். சும்மா நின்று ஓடும்போது பத்தாயிரம் வோல்ட் அளவில் போதும். முழு ஆக்சிலரேட்டரில், டர்போ அழுத்தத்தோடு, அது இரண்டு மூன்று மடங்காகலாம். டர்போக்காரர்கள் பிளக் இடைவெளியை ஒரு மில்லிமீட்டரிலிருந்து 0.6 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைப்பதே இதற்காகத்தான். ஒரு பக்கம் பொறிக்குச் சிரமம் என்று இடைவெளியைக் குறைத்துவிட்டு, மறு பக்கம் அழகுக்காக வயரை மூன்று மடங்காக்குவது... ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது அல்லாமல் வேறென்ன?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

எல்எஸ் இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-7-2-6-5-4-3. காரின் இடப்பக்கம் 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. வரிசையை வட்டமாகப் பார்த்தால், 3-க்கு அடுத்து 1. இரண்டும் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். அதேபோல் 2-க்கு அடுத்து 6, இரண்டும் வலப்பக்கம். இரண்டு வயர்கள் ஒட்டி உரசி இணையாக ஓடினால், ஒன்றில் பாயும் மின்துடிப்பு மற்றதில் தூண்டலால் இன்னொரு துடிப்பை எழுப்பும். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் படித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். 3-இல் பொறி பாயும்போது 1-இன் பிஸ்டன் 90 டிகிரி பின்தங்கி, கலவையை அமுக்கிக்கொண்டு பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே அழுத்தம் இன்னும் குறைவு, ஆகவே சின்னத் துடிப்புக்கே பொறி தாவிவிடலாம். தாவினால்? பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கலவை எரியத் தொடங்கிவிடும். ஏறும் பிஸ்டனை எரியும் வாயு கீழே தள்ளும். டர்போ இன்ஜினில் இது தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

பழைய செவ்ரோலே வி8 மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதன் வரிசை 1-8-4-3-6-5-7-2. அதில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கும், அடுத்தடுத்து இருக்கும். '5-ஆம் வயரையும் 7-ஆம் வயரையும் ஒன்றாகக் கட்டாதே' என்பது அந்தப் பட்டறைகளின் பாலபாடம். எல்எஸ் வந்ததும் அந்தப் பாடம் மறந்துபோனது. ஏன் என்றால், தொழிற்சாலை வைத்தபடி இருந்தால் அது தேவையே இல்லை! ஒவ்வொரு வயரும் தன் காயிலிலிருந்து தன் பிளக்குக்கு நேராக இறங்குகிறது, எதுவும் எதோடும் இணையாக ஓடுவதில்லை. காயில்களை ஃபயர்வாலுக்குத் தூக்கியதும் நான்கு வயர்களும் ஒரே பாதையில் ஒன்றாகப் போக வேண்டியதாகிவிடுகிறது. அழகு பார்ப்பவர் என்ன செய்வார்? நான்கையும் பிளாஸ்டிக் கிளிப்பில் வரிசையாக அடுக்கி, இறுக்கிக் கட்டி, வால்வு கவருக்குக் கீழே மறைத்துவிடுவார். பார்க்கச் சீராக இருக்கும், போட்டோவுக்கு அருமையாக இருக்கும். 1-ம் 3-ம் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்.

கிரவுண்டு விஷயமும் இப்படித்தான். எல்எஸ் காயிலுக்கு நான்கு வயர்: 12 வோல்ட், கிரவுண்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் 5 வோல்ட் டிரிக்கர், அந்த டிரிக்கருக்கென்று தனியாக ஒரு சுத்தமான கிரவுண்டு. பிளக்கில் பாய்ந்த மின்சாரம் சிலிண்டர் ஹெட் வழியாகத்தான் காயிலுக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் கம்பெனி காயில் கிரவுண்டை ஹெட்டிலேயே கொண்டு போய் முடுக்கியது. ஃபயர்வாலுக்கு இடம் மாற்றுபவர்களில் பலர் அங்கேயே பெயின்ட் அடித்த தகட்டில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டுக் கிரவுண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். பொறி திரும்பி வர ஹெட், பிளாக், இன்ஜின் கிரவுண்டு பட்டை, பாடி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில் எழும் இரைச்சல் கிராங்க் சென்சாரைக் குழப்பும், டிரிக்கரையும் குழப்பும். இரண்டு கிரவுண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுபவர்களும் உண்டு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு நடந்தும் கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும். சாதாரண வேகத்தில் எந்தக் குறையும் தெரியாது. இதுதான் இந்த மாற்றத்தின் மிகப் பெரிய கொடுமை. முழு லோடில், உயர் வேகத்தில்தான் 'மிஸ்' அடிக்கும். அப்போது யார் காயில் வயரைச் சந்தேகப்படுவார்கள்? முதலில் பிளக்கை மாற்றுவார்கள். அப்புறம் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப். அப்புறம் டியூனர் மேல் பழி.

டியூனரும் ஏமாறுவார் என்பதுதான் வேடிக்கை. மிஸ் அடித்த சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் வெளியே வருகிறது, பயன்படாத ஆக்சிஜனும் வெளியே வருகிறது. எக்ஸாஸ்டில் உள்ள சென்சார் அளப்பது ஆக்சிஜனை மட்டும்தான். ஆகவே அது 'பெட்ரோல் போதவில்லை' என்று காட்டும். டியூனர் இன்னும் பெட்ரோலைக் கூட்டுவார். ஏற்கெனவே எரியாமல் கிடக்கும் சிலிண்டருக்குள் மேலும் பெட்ரோல்! அது சூடான மேனிஃபோல்டிலும் டர்போவிலும் போய் எரியும். கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும் காராக இருந்தால் அதுவும் வெந்து போகும். காரின் கம்ப்யூட்டர் கிராங்க் ஷாஃப்டின் நடுக்கத்தை வைத்து பி0301 முதல் பி0308 வரை எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று சொல்லும் திறமை உள்ளதுதான். ஆனால் பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின் இயல்பாகவே நடுங்கும் என்பதால், அந்தக் கண்காணிப்பையே முதல் வேலையாக அணைத்து வைப்பவர்கள் அநேகர். காவல்காரனைத் தூங்கச் சொல்லிவிட்டுத் திருடனைத் தேடுவது மாதிரி!

அப்படியானால் காயிலை நகர்த்தவே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது.

டர்போ வைத்த எல்எஸ் இன்ஜினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல அமைப்புகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கீழே போகாமல், மேலே முன்னால் திரும்பி டர்போவுக்குப் போகிறது. வால்வு கவரை உரசிக்கொண்டு போகும் அந்தக் குழாய்க்குள் முழு லோடில் 800, 900 டிகிரி செல்சியஸ் வாயு. குழாயே சிவந்து தணலாகும். அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உடம்போடு எட்டுக் காயில்களை வைத்திருப்பது பிடிவாதம் அல்ல, முட்டாள்தனம். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் முதல் சுற்றின் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். அதே நேரத்தில் நிரம்பும் மின்னோட்டம் குறையும், பொறி மெலியும். உள்ளே ஊற்றி வைத்த பிசின் சூட்டிலும் குளிர்ச்சியிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகப் பொறி உள்ளேயே தாவ ஆரம்பித்தால் காயில் காலி. காயிலுக்கு உள்ளேயே இருக்கும் டிரைவர் எலெக்ட்ரானிக்ஸும் சூட்டுக்கு நண்பனல்ல. இந்த நிலையில் காயிலை நகர்த்தத்தான் வேண்டும், சந்தேகமேயில்லை.

ஆனால் எங்கே நகர்த்துவது என்பதில்தான் புத்தி தெரியும். காயிலுக்கு இரண்டு பக்கம் வயர் இருக்கிறது. ஒரு பக்கம் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஓடும் சாது வயர்கள். மறு பக்கம் பல்லாயிரம் வோல்ட் ஓடும் முரட்டு வயர். காயில் எங்கே போனாலும் ஏதோ ஒரு வயர் நீளும். சாது வயரை நீட்டினால் பெரிய கேடில்லை. முரட்டு வயரை நீட்டுவதைத்தான் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஆகவே 'காயில் எங்கே மறையும்?' என்று கேட்டு இடம் தேடுவது தலைகீழ் வழி. பிளக்கிலிருந்து தொடங்கி, சூடு எட்டாத மிகப் பக்கத்து இடம் எது என்று தேட வேண்டும். வால்வு கவரிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, உள்பக்கமாக இன்டேக் மேனிஃபோல்டை ஒட்டி ஒரு பிராக்கெட்டில் வைப்பது பெரும்பாலான டர்போ அமைப்புகளுக்குப் போதும். அங்கே வைத்தால் வயர்கள் நீளும்தான், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்கும், கூட்டமாக ஓடாது. அதுவும் முடியாத இடத்தில் சிலிண்டர் ஹெட்டின் பின்முனை. ஃபயர்வால் கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். அங்கேதான் போக வேண்டும் என்றால் 1-ஐயும் 3-ஐயும், 2-ஐயும் 6-ஐயும் பிரித்து ஓட்டி, ஒவ்வொரு காயிலின் கிரவுண்டையும் கனமான வயரில் ஹெட்டுக்கே கொண்டு வர வேண்டும். பிளக் கேப்புகளுக்கு வெப்ப உறை போட வேண்டும். பலமான வேறு காயில்களுக்கு மாறினால், அவை நிரம்ப வேண்டிய நேரத்தைக் கம்ப்யூட்டரில் சரியாகக் கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் பொறி மெலியும், அதிகமாகக் கொடுத்தால் காயில் சுடும்.

ஜப்பான்காரர்கள் பக்கம் திரும்பினால் வேறொரு வழியும் தெரிகிறது. 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26 இன்ஜினில் ஆறு காயில்களும் இரண்டு கேம் கவர்களுக்கு நடுவில், ஒரு மூடிக்கு அடியில், பிளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். சூடு சேரும் இடம்தான், வயதான காயில்கள் அங்கே சாகத்தான் செய்தன. ஆனால் அந்தக் காரைக் கொண்டாடும் கூட்டம் காயிலை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அதே இடத்தில், 2007-இல் வந்த ஆர்35 ஜிடி-ஆரின் காயில்களைப் பிராக்கெட் செய்து உட்கார வைத்தார்கள். உயர் அழுத்த வயரே இல்லை, ஆகவே நீளும் பேச்சும் இல்லை. இடத்தை மாற்றாமல் ஆளை மாற்றினார்கள்.

அழகுக்காரர்களின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1969-ஆம் வருடக் காரின் பானெட்டுக்குள் 1969-ஆம் வருடத்து முகம் தெரிய வேண்டும் என்ற ஆசை தவறில்லை. லாஸ் வேகாஸில் வருடாவருடம் நடக்கும் சீமா கண்காட்சியில் ஒரு வயர்கூடக் கண்ணில் படாத இன்ஜின் அறைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். அங்கே வரும் கார்களில் பலவும் டிரெய்லரில் ஏறி வந்து டிரெய்லரில் ஏறித் திரும்பிப் போகின்றன, அவற்றுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. காட்சிக்கு நிற்கும் காரைப் பார்த்துவிட்டு, ஓட்டும் காருக்கு அதையே செய்வதுதான் வம்பு. 'ஹாட் ராட்' பத்திரிகை 2005-இல் தொடங்கிய டிராக் வீக் போட்டியில் ஐந்து நாளில் சுமார் ஆயிரம் மைல் சாலையில் ஓட்டி, வழியில் ஒவ்வொரு டிராக்கிலும் பந்தயமும் ஓட வேண்டும், டிரெய்லர் கிடையாது. அப்படி ஓட்ட வேண்டிய காருக்கு எட்டுப் பொறியும் எட்டு இடத்தில் சரியாக விழ வேண்டும்.

காயில் கண்ணை உறுத்துகிறது என்பதுதான் குறை என்றால் அதற்கு மலிவான மருந்து இருக்கிறது. காயில்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே ஒரு கவர் போட்டுவிடலாம். கார்வெட்டில் கம்பெனியே இன்ஜினின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கவர் போட்டுத்தான் விற்றது. பழைய செவ்ரோலே வால்வு கவர் போலவே தோற்றமளிக்கும் அலுமினிய மூடிகள் கடையில் கிடைக்கின்றன, காயில்கள் அதற்கு அடியில் அடங்கிவிடும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கீழேயும் பக்கவாட்டிலும் காற்று போக வழி இருக்கிறதா என்பது. அடைத்த டப்பாவுக்குள் எட்டுக் காயில்களைப் பூட்டி வைத்தால், ஃபயர்வாலுக்குப் போகாமலேயே அவை வெந்துவிடும்.